'நல்லாத்தானுங் இருக்குது'ன்னு சொல்ற ஊர்ல லைப்ரரி சர்வீஸை அளக்கறது எப்படி

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜுல நான் லைப்ரரியனா இருந்தப்ப, காலேஜோட தரத்தை மதிப்பிடற நாக் கமிட்டி வருதுன்னு அவசர அவசரமா ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் அடிச்சு பசங்களுக்குக் குடுத்தோமுங்க. பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் மிக நன்று, நன்று, பரவாயில்லை, சுமார், மோசம்னு அஞ்சு கட்டம். திரும்பி வந்ததுல முக்காவாசி மிக நன்று. பிரின்சிபாலுக்கு சந்தோசம், எனக்கும் சந்தோசம், கலர்ல பை சார்ட் போட்டு ஃபைல்ல வெச்சாச்சு. அடுத்த வாரம் செகண்ட் இயர் பொண்ணு ஒண்ணு கவுன்டர்ல வந்து நிக்குது, "மேம், அந்த காஸ்ட் அக்கவுண்டிங் புக்கு வந்துருச்சுங்களா"ன்னு. எத்தனாவது தாட்டி கண்ணு கேக்கறேன்னா நாலாவது தாட்டியாம். செரி, ஃபீட்பேக்ல என்ன போட்டேன்னு கேட்டேன். "மிக நன்றுதானுங் மேம். நீங்க நல்லா பேசறீங்க, உங்களுக்குப் போய் மார்க்கைக் கொறைப்பமுங்களா"ன்னுச்சு.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது, நம்ம ஃபார்ம் அளந்தது லைப்ரரிய இல்ல, என்ற மொகத்தைன்னு. கொங்குப் பக்கம் வளந்தவங்களுக்கு இது தெரியும். ஒறம்பரை வீட்டுல சாப்பாட்டுல உப்பே இல்லீன்னாலும் "நல்லாருக்குதுங்"னுதான் சொல்லுவோம், மூஞ்சிக்கு நேரா கொறை சொல்ற பழக்கம் இங்க கம்மி. அது நல்ல குணம்தான், ஆனா சர்வேக்கு அது பெரிய தலைவலி. அதனால "எப்படி இருக்குது"ன்னு ஒத்தக் கேள்வியா கேக்கவே கூடாதுங்க, அதைச் சுத்தி வளைச்சு மூணாக் கேக்கோணும், அது எப்படின்னுதான் இங்க எழுதறேன். காலேஜ் லைப்ரரி, கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், வாசகர் வட்டம் நடத்தறவங்க எல்லாருக்கும் ஆகும்.

மொதல்ல மூணு நம்பர்னா என்னன்னு பாத்துருவோம். டவுன் பஸ்ஸுக்கு நிக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. டைமுக்கு வந்து உக்கார சீட்டும் கெடைச்சா அது நம்ம ஆசை. பத்து நிமிசம் லேட்டானா கூட பரவால்ல, அதுக்கு மேல போனா ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிருவோம், அது நம்ம பொறுமையோட எல்லை. நெசத்துல பஸ்ஸு எப்ப வருதோ அது மூணாவது. இந்த மூணும் தனித்தனி. "பஸ் சர்வீஸ் எப்படிங்க"ன்னு கேட்டா "பரவால்லீங்"னு ஒத்த வார்த்தைல முடிஞ்சுரும், ஆனா "எத்தன நிமிசம் வரைக்கும் பொறுத்துக்குவீங்க, எத்தன நிமிசத்துல வந்தா நல்லாருக்கும், நெசமா எத்தன நிமிசம் ஆகுது"ன்னு கேட்டா மரியாதைக்காகப் பொய் சொல்றவரு கூட அவருக்கே தெரியாம உண்மையைச் சொல்லிருவாரு, ஏன்னா நெச நிமிசத்தைக் கொறைச்சுச் சொன்னாலும் ஆசையை மறைக்கோணும்னு யாருக்கும் தோணாது, அதைச் சொல்றதுல யாரு மனசும் நோகாதுல்லீங்களா.

லைப்ரரிலயும் அதேதான். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல மூணு பத்தி: கொறைஞ்சது இவ்வளவாச்சும் இருக்கோணும், இவ்வளவு இருந்தா ஆசை, இப்ப இவ்வளவுதான் இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 9 வரைக்கும் ஒரு நம்பர்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லீங்க. பரசுராமன், ஜைத்தாம்ல், பெர்ரின்னு மூணு பேரு அமெரிக்கால மார்க்கெட்டிங் வாத்தியாருங்க, 1985ல சேவைத் தரம்னா என்னன்னு ஒரு கட்டுரை எழுதி, 1988ல சர்வ்குவால்னு 22 கேள்வி கொண்ட அளவுகோலை வெளியிட்டாங்க. எதிர்பார்ப்புக்கும் கெடைக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளியோ அதுதான் தரம்ங்கறது அவிங்க வாதம். பேங்க், ரிப்பேர் கடை மாதிரி எடத்துக்குன்னு செஞ்சது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி லைப்ரரி இதை 90கள்லயே எடுத்துப் பாத்துச்சு, லைப்ரரிக்கு அப்படியே பொருந்தலீன்னு தெரிஞ்சதும் ஆராய்ச்சி நூலகங்களோட சங்கம் ஒண்ணோட ஒட்டுக்கா சேந்து லிப்குவால்னு ஒண்ணு உருவாக்குனாங்க, 2000ல சோதனை ஓட்டம் ஆரம்பிச்சுது. அதுலயும் 22 கேள்விதான், ஆனா மூணு கட்டாப் பிரிச்சது. ஸ்டாஃப் எப்படி நடத்தறாங்கங்கறதுக்கு 9, வேண்டிய தகவல் நானே தேடி எடுத்துக்க முடியுதாங்கறதுக்கு 8, எடம் எப்படி இருக்குதுங்கறதுக்கு 5. கடைசில மனசுல இருக்கறதை எழுத ஒரு பெட்டி. இந்தப் பிரிவு நமக்கும் அப்படியே ஆகும், ஏன்னா நம்ம லைப்ரரிக்கு வர்ற புகார் எல்லாமே இந்த மூணுல ஒண்ணுக்குள்ள வந்துருது. ஒண்ணு மட்டும் கவனம், லிப்குவால் காசு கட்டிப் பதிவு பண்ணி எடுக்கறதுக்குன்னு செஞ்ச சர்வே, அவிங்க கேள்வியை அப்படியே ஜெராக்ஸ் போடக்கூடாது. முறையை எடுத்துக்கலாம், கேள்வி நம்மளே எழுதோணும்.

எதிர்பார்ப்பெல்லாம் எதுக்கு, இப்ப கெடைக்கறதை மட்டும் கேட்டாப் போதும்னு 1992ல குரோனின், டெய்லர்னு ரெண்டு பேரு சண்டைக்கு வந்தாங்க, அதுக்குப் பேரு சர்வ்பெர்ஃப். கணக்குப்படி அவிங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குது, கேள்வியும் கம்மியாகும். ஆனா நம்மூர்ல அதைப் பண்ணுனா என்ற பை சார்ட் கதைதான் மறுக்கா நடக்கும். அதனால நான் மூணு பத்தி கட்சி.

கேள்வி எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா கேளுங்க. கவுன்டர்ல, சைக்கிள் ஸ்டாண்ட்ல, கேன்டீன்ல பசங்க என்ன வார்த்தைல பேசறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. நான் பாத்த முக்காவாசி சர்வே ஃபார்ம் செத்துப் போறதே இங்கதான். "நூலகப் பணியாளர்களின் பரிவுணர்வு தங்களுக்கு நிறைவளிக்கிறதா"ன்னு கேட்டா பையன் என்னத்தைன்னு பதில் சொல்லுவான்? அவன் பேசற பேச்சுல "ஒரு புக்கு கேட்டா ஸ்டாஃப் மூஞ்சியத் திருப்பாம தேடித் தர்றாங்க"ன்னு எழுதுங்க. அதே மாதிரி ஒரு கேள்விக்குள்ள ரெண்டு கேள்வியைச் சொருகாதீங்க. "லைப்ரரி சுத்தமாவும் அமைதியாவும் இருக்குது"ன்னு போட்டா, சுத்தமா இருக்குது ஆனா சந்தைக்கடை மாதிரி சத்தம்னு நெனைக்கறவ எங்க டிக் அடிப்பா?

நான் கடைசியா வெச்ச கேள்வில சிலது இப்படி:

தேடற புக்கு கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னு காட்டுனா ரேக்குலயும் இருக்குது.
சிலபஸ் புக்கு பரீட்சைக்கு முன்னாடி கைக்குக் கெடைச்சுருது.
போன்ல இருந்தே புக்கு இருக்குதான்னு பாத்துக்கலாம்.
புக்கு லேட்டாத் திருப்பிக் குடுத்தாலும் மரியாதையாப் பேசறாங்க.
தமிழ்ல கேட்டாலும் இங்கிலீஷ்ல கேட்டாலும் ஒரே மாதிரி பதில் சொல்றாங்க.
பஸ்ஸுக்குப் போறதுக்குள்ள புக்கு எடுத்துட்டுப் போக முடியுது.
கரண்ட் போனாலும் உக்காந்து படிக்கற மாதிரி வெளிச்சம், காத்து இருக்குது.
பொண்ணுங்க பயமில்லாம தனியா உக்காந்து படிக்கற எடமா இருக்குது.

பஸ் கேள்வி எதுக்குன்னு கேப்பீங்க. அந்தியூர், நம்பியூர், சத்தி பக்கம் இருந்து வர்ற புள்ளைங்களுக்கு மூணு மூணரைக்கு ஒரு பஸ்ஸு, அதை விட்டா அடுத்தது பொழுதோடதான். லைப்ரரி அஞ்சு மணி வரைக்கும் தொறந்திருக்குதுன்னு நம்ம பெருமையாச் சொல்லிக்குவோம், ஆனா அந்தப் புள்ளைக்கு லைப்ரரிங்கறது மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கெடைக்கற அரை மணி நேரம்தான், அந்த நேரத்துலதான் கவுன்டர்ல இருக்கறவரும் சாப்பிடப் போவாரு. சீர்காழில பொறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931ல லைப்ரரிக்குன்னு எழுதி வெச்ச அஞ்சு விதில நாலாவது வாசகரோட நேரத்தை மிச்சம் பண்ணுங்கறதுதான், சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு ஆளு போட்டாலே அதுல பாதி முடிஞ்சுரும். இந்த மாதிரி உங்க ஊருக்குன்னு இருக்கற கேள்வி நாலஞ்சாவது சேத்துக்கோணும், அமெரிக்காக்காரன் இதைக் கேக்கமாட்டான்.

இப்ப ஒரு கணக்கு. 22 கேள்விக்கு மூணு பத்தின்னா 66 நம்பர். யாருங்க போடுவாங்க? பத்தாவது கேள்வில இருந்து 7, 7, 7ன்னு கண்ணை மூடிட்டுப் போட்டுட்டுப் போயிருவாங்க. லிப்குவால்காரங்களே இதைப் பாத்துட்டு ஒரு சின்ன வடிவம் கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு ஆளுக்கும் 22ல எட்டுக் கேள்விதான் போகும், சிலது எல்லாருக்கும் பொது, மிச்சம் ஆளுக்கு ஆளு மாறும். நம்ம பேப்பர்லயே இதைப் பண்ணலாம். மொத்தம் 18 கேள்வி வெச்சுக்குங்க. ரொம்ப முக்கியமான மூணு எல்லாருக்கும். மீதி 15ஐ அஞ்சஞ்சாப் பிரிச்சு வெள்ளை, மஞ்சள், பச்சைன்னு மூணு கலர் பேப்பர்ல அடிங்க. ஒருத்தருக்கு எட்டுக் கேள்வி, 24 நம்பர், நாலஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும். மூணு கலரையும் மாத்தி மாத்தி அடுக்கி வெச்சு மேல இருந்து குடுத்துட்டே வந்தாப் போதும். ஒரு கலரு காமர்ஸுக்கு, ஒரு கலரு பிசிக்ஸுக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டா எல்லாமே வீண், அதை மட்டும் பண்ணீராதீங்க.

9 எதுக்கு, பத்துக்கு மார்க் போடச் சொன்னாத்தான நம்ம பசங்களுக்குப் பழக்கம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. 9ல நடுவுல 5ன்னு ஒரு நம்பர் இருக்குது, பத்துல நடு கெடையாது. நீங்க பத்தே வெச்சுக்கிட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது, ஆனா ஒரு வருசம் 9, அடுத்த வருசம் 10ன்னு மாத்துனா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்க முடியாது. ஒவ்வொரு வரிலயும் 'எனக்குத் தேவைப்படல'ன்னு ஒரு கட்டமும் வைங்க, இல்லீன்னா ஜர்னல் பக்கமே போகாத பையன் ஜர்னலுக்கு 8 போட்டுருவான்.

அடிச்ச ஃபார்ம எல்லாருக்கும் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்துப் பேர உக்கார வெச்சு, பக்கத்துலயே உக்காந்து சத்தமாப் படிச்சு நெரப்பச் சொல்லுங்க. எங்க முழிக்கறாங்களோ அங்க கேள்வி தப்பு. எனக்கு முழிச்சது 'கொறைஞ்சபட்சம்', 'ஆசை'ங்கற ரெண்டு பத்தியும் எப்படி வேறங்கறதுல. ஃபார்ம் தலைலயே அந்த டவுன் பஸ் உதாரணத்தை ரெண்டு வரில போட்டேன், அப்புறம் முழிக்கல.

யாருகிட்ட கேக்கறதுங்கறது அடுத்த வம்பு. லைப்ரரி வாசல்ல நின்னு ஃபார்ம் குடுத்தா வர்றவங்க மட்டும்தான் நெரப்புவாங்க, அவிங்களுக்கு ஓரளவு புடிச்சிருக்குது, அதனாலதான வர்றாங்க. புடிக்காம நின்னு போனவங்கதான் நமக்கு வேண்டிய ஆளு. அதனால டிபார்ட்மெண்ட் லிஸ்ட எடுத்து நம்பர் போட்டு குலுக்கல் மாதிரி எடுங்க, யுஜி, பிஜி, ரிசர்ச் ஸ்காலர், ஸ்டாஃப்னு தனித்தனியாப் பிரிச்சு எடுங்க. எத்தன பேருங்கறதுக்கு 1970ல கிரெஜ்சி, மார்கன்னு ரெண்டு பேரு போட்ட அட்டவணையைத்தான் நம்ம பிஎச்டிக்காரங்க எல்லாம் கை காட்டுவாங்க. 500 பேரு இருக்கற எடத்துல 217, ஆயிரத்துக்கு 278, ரெண்டாயிரத்துக்கு 322, மூவாயிரத்துக்கு 341. கூட்டம் ரெண்டு பங்கானாலும் கேக்க வேண்டிய ஆளு ரெண்டு பங்காகறதில்லங்கறதைக் கவனிங்க. அது நெரப்பித் திரும்பி வர்ற ஃபார்மோட எண்ணிக்கை, நீங்க குடுக்கறது அதுக்கு மேல இருக்கோணும். மூணு கலரு முறைல பொதுக் கேள்வி தவிர மத்ததுக்கு மூணுல ஒரு பங்கு ஆளுங்கதான் பதில் சொல்லியிருப்பாங்க, அதனால இன்னும் கொஞ்சூண்டு சேத்தே குடுங்க.

ஃபார்ம் குடுக்கற ஆளு லைப்ரரியனா இருக்கவே கூடாது, அட்டெண்டரும் வேண்டாம். என்ற மொதல் தப்பே அதுதான். என்எஸ்எஸ் பசங்க, வேற டிபார்ட்மெண்ட் ஆளுங்க, இல்லீன்னா பக்கத்துக் காலேஜ் லைப்ரரியன்கூட பேசி நீங்க அவங்குளுதுக்கு, அவிங்க உங்குளுதுக்குன்னு மாத்திக்குங்க. பேரு, ரெஜிஸ்டர் நம்பர் எதுவும் கேக்காதீங்க, மடிச்சுப் பெட்டில போடச் சொல்லுங்க. கூகுள் ஃபார்ம் வேல கம்மிதான், ஆனா காலேஜ் மெயில்ல லாகின் பண்ணச் சொன்னா "நம்ம பேரு தெரிஞ்சுரும்டா"ன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், எல்லாரும் 9 போட்டுருவாங்க. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல லிங்க் போட்டா ஒருத்தனே மூணு தாட்டி நெரப்பறதும் நடக்கும். என்னைக் கேட்டா பேப்பர்தான்.

எப்ப கேக்கறதுங்கறதும் இருக்குது. செமஸ்டர் பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப கேட்டா எல்லாருக்கும் புக்கு பத்தாதுன்னுதான் வரும், செமஸ்டர் ஆரம்பிச்சதும் கேட்டா ஃபர்ஸ்ட் இயருக்கு லைப்ரரி எந்தப் பக்கம்னே தெரியாது. நடுவுல ஒரு மாசம் பாத்துக்குங்க. பங்குனில பண்ணாரி குண்டம் நோம்பி சமயத்துல சத்தி, கோபி பக்கத்துப் புள்ளைங்க பாதிப் பேரு இருக்கமாட்டாங்க, அந்த வாரத்தையும் தள்ளி வைங்க.

கிளை நூலகம்னா கதையே வேற. அங்க மூணு விதமான ஆளுங்க. காலைல பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க, நாள் முச்சூடும் சொந்தமா புக்கு கொண்டாந்து உக்காந்து குரூப் 4, குரூப் 2ன்னு படிக்கற பசங்க, வாரத்துக்கு ஒருக்கா நாவல், பத்திரிகை மாத்திக்கிட்டுப் போற வீட்டம்மாங்க. மூணு பேரையும் ஒரே சராசரில கொழப்புனா ஒண்ணும் தெரியாது. பசங்க கேக்கறது டேபிள், ஃபேன், பிளக் பாயிண்ட், பாத்ரூம், பொழுதோட இன்னும் ஒரு மணி நேரம். நம்ம புக்கை அவிங்க தொடறதே இல்ல. வீட்டம்மாங்களுக்கு எடம் பெருசில்ல, புது புக்கு வந்துச்சாங்கறதுதான். பெரியவங்ககிட்ட ஃபார்ம் நீட்டாதீங்க, கண்ணாடி எடுத்துட்டு வரலீங்கம்பாரு. பக்கத்துல உக்காந்து பேச்சாக் கேளுங்க, "ஏனுங்கய்யா, பேப்பரு எத்தன மணிக்குள்ள போட்டா உங்களுக்குத் தோதுங்க, எத்தன மணி வரைக்கும் பொறுப்பீங்க, நெசமா எப்பங்க வருது"ன்னு. மணிக்கணக்குல பதில் வரும், அதை அப்படியே மணிக்கணக்காவே வெச்சுக்குங்க, 1ல இருந்து 9க்கு மாத்தறேன்னு கெளம்பாதீங்க. ஒரு பெரியவரு சர்வேன்னதும் "நம்மளுக்கு எதுக்குங் அதெல்லாம், ஓசில படிக்கறம்"னாரு. ஓசி இல்லீங்க. 1948ல வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துல இருந்தே நம்ம கட்டற சொத்து வரியோட நூலக வரியும் சேத்துக் கட்டீட்டுத்தான் இருக்கறோம், ரசீத எடுத்துப் பாத்தாத் தெரியும். அதைச் சொன்னதுக்கு அப்புறம் அவரு பத்து நிமிசம் கொறை சொன்னாரு, சர்வேல எனக்குக் கெடைச்ச நல்ல பத்து நிமிசம் அதுதான்.

ஃபார்ம் எல்லாம் வந்துருச்சுன்னா மொதல்ல கழிக்கறத கழிங்க. எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டது, பாதிக்கு மேல காலியா விட்டது போகட்டும். அப்புறம் 'கொறைஞ்சபட்சம்' 8ன்னும் 'ஆசை' 5ன்னும் தலைகீழாப் போட்டிருப்பாங்க, அது கேள்வி புரியலீன்னு அர்த்தம். 22 கேள்வி முழு வடிவத்துல ஒருத்தரு ஒம்பதுக்கு மேல இப்படித் தலைகீழாப் போட்டிருந்தாலும், பதினொண்ணுக்கு மேல 'தேவைப்படல'ன்னு போட்டிருந்தாலும் லிப்குவால்ல அந்த ஃபார்மை சேக்கறதில்ல. நம்ம எட்டுக் கேள்வி ஃபார்ம்ல மூணு தலைகீழானாலே நான் ஓரமா வெச்சுருவேன்.

கணக்குக்கு எஸ்பிஎஸ்எஸ் மாதிரி புள்ளியியல் சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டியதில்ல, எக்செல் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் மூணு பத்திக்கும் சராசரி எடுங்க. இப்ப இருக்கறதுல இருந்து கொறைஞ்சபட்சத்தைக் கழிச்சா ஒரு இடைவெளி, இப்ப இருக்கறதுல இருந்து ஆசையைக் கழிச்சா இன்னொண்ணு. மொதலாவது பிளஸ்ல இருந்தா பொறுத்துக்கற எல்லைக்குள்ள இருக்கறோம், மைனஸ்னா எல்லை தாண்டியாச்சு. ரெண்டாவது பெரும்பாலும் மைனஸ்லதான் இருக்கும், அதுக்கு அழ வேண்டாம், எவ்வளவு மைனஸ்ங்கறதுதான் விசயம்.

உதாரணத்துக்கு நம்பர் போட்டுப் பாப்போம், இது வெளக்கறதுக்காக நான் போட்ட நம்பர். 'ரேக்குல புக்கு இருக்குது'ங்கறதுக்கு கொறைஞ்சபட்சம் 6.2, ஆசை 8.3, இப்ப 5.4. மொத இடைவெளி மைனஸ் 0.8, ரெண்டாவது மைனஸ் 2.9. தீ புடிச்ச எடம் இதுதான், நாளைக்கே ஆளு போடோணும். 'மரியாதையாப் பேசறாங்க'ங்கறதுக்கு 6.5, 8.0, 7.6. பிளஸ் 1.1, மைனஸ் 0.4. இதுல கை வெக்காதீங்க, இந்த ஸ்டாஃபைக் கூப்புட்டு ஒரு காப்பி வாங்கிக் குடுங்க. 'போன்ல இருந்தே பாத்துக்கலாம்'ங்கறதுக்கு 3.1, 7.9, 4.0. பிளஸ் 0.9, மைனஸ் 3.9.

இந்த மூணாவதுல கொஞ்ச நேரம் நில்லுங்க, பல பேரு ஏமாறறது இங்கதான். மொத இடைவெளி பிளஸ், அப்ப பிரச்சனை இல்லீன்னு ரிப்போர்ட்ல எழுதிருவாங்க. ஆனா கொறைஞ்சபட்சம் ஏன் 3.1ல கெடக்குது? அந்தப் புள்ளைங்க அப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல, கேக்கலாம்னே தெரியாது. தறி ஓட்டற வீட்டுல இருந்து மொத மொதல்ல காலேஜுக்கு வந்த புள்ளைக்கு நாலு ரேக்கு இருக்கறதே பெருசு, அது கொறைஞ்சபட்சம்னு போடற நம்பரும் ஒரு விதத்துல மரியாதைதான். கொறைவாக் கேக்கற ஆளுகிட்ட பிளஸ் வாங்கறது சாமர்த்தியமே இல்லீங்க. அதனால கொறைஞ்சபட்சத்துக்கும் ஆசைக்கும் நடுவுல தூரம் எவ்வளவுன்னும் ஒரு பத்தி போட்டுக்குங்க. மேல சொன்னதுல மொத ரெண்டுக்கும் 2.1, 1.5, மூணாவதுக்கு 4.8. அந்தத் தூரம் அகலமா இருந்தா வாயத் தொறந்து கேக்காத ஆசை அங்க இருக்குதுன்னு எடுத்துக்கலாம். கோஹாங்கற லைப்ரரி சாஃப்ட்வேர் ஏற்கெனவே ஓடுற எடம்னா கேட்டலாக்கை, அதாவது புக்கு பட்டியலை, இன்டர்நெட்ல தொறந்து விடறதுதான் வேலை, சர்வர் பாக்கற ஆளு கெடைச்சாச் செரி.

எல்லாக் கேள்விக்கும் சேத்து ஒரே சராசரி போட்டு "எங்க லைப்ரரி 6.9"னு சொல்றது வேண்டாம், மரியாதைல வாங்குன மார்க்கு புக்கு இல்லாத ஓட்டையை மூடிரும். மூணு கட்டுக்கும் தனித்தனி சராசரி, அதுக்குள்ள யுஜி, பிஜி, ஸ்டாஃப் தனித்தனி. சராசரி ரெண்டு ஒரே மாதிரி இருந்தாலும் ஒண்ணுல எல்லாரும் 6 போட்டிருப்பாங்க, இன்னொண்ணுல பாதிப் பேரு 9, பாதிப் பேரு 3, அதனால நம்பர் எவ்வளவு செதறியிருக்குதுன்னு காட்டற திட்ட விலக்கமும் பாத்துக்குங்க. ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதப் போறீங்கன்னா ஒவ்வொரு கட்டுக்கும், அதுல இருக்கற கேள்வியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு காட்டற குரோன்பாக் ஆல்ஃபா போடுங்க, 0.7க்கு மேல வந்தா கைடு ஒண்ணும் சொல்லமாட்டாரு. லைப்ரரியைத் திருத்தறதுதான் நோக்கம்னா அது இல்லாமயும் வண்டி ஓடும்.

அப்புறம் ஒண்ணு, வாசகரு என்ன நெனைக்கறாருங்கறது பாதிதான். மீதிப் பாதிக்கு நீங்க எந்திரிச்சு ரேக்குக்குப் போகோணும். பசங்க போன மாசம் தேடுனதுல ஒரு அம்பது புக்கு பேரு எழுதிட்டு, கேட்டலாக்குல இருக்குதா, வெளிய போயிருக்குதா, ரேக்குல இருக்குதான்னு ஒவ்வொண்ணாப் பாருங்க. நான் பாத்தப்ப நெறையா புக்கு காணாமப் போகல, தப்பான ரேக்குல சொருகிக் கெடந்துச்சு. பசங்க சர்வேல "புக்கு பத்தல"ன்னு எழுதுனதை நம்பி பட்ஜெட் கேட்டிருந்தா புதுசா வாங்கி அதையும் தப்பான ரேக்குலதான் வெச்சிருப்போம். அந்த காஸ்ட் அக்கவுண்டிங் புக்கு பொருளாதார ரேக்குல கடைசித் தட்டுல கெடைச்சுது, மூணு காப்பி. அந்தப் பொண்ணு அதுக்குள்ள ஜெராக்ஸ் போட்டு பரீட்சையே எழுதீருச்சு.

கடைசிப் பெட்டில எழுதறதை டைப் பண்ணி வைங்க, ஆனா எண்ணாதீங்க, படிங்க. நம்பர்ல எங்க மைனஸ் இருக்குதோ அதுக்கு ஏன்னு அந்தப் பெட்டிலதான் பதில் இருக்கும். "ரெண்டாவது ஜன்னல் பக்கம் குரங்கு வருதுங்"னு ஒருத்தன் எழுதியிருந்தான், எடம் பத்தின மார்க்கு அங்க ஏன் கொறைஞ்சுதுன்னு மண்டையைப் பிச்சுட்டு இருந்தோம், கம்பி வலை அடிச்சதோட முடிஞ்சுது.

வந்த பதிலை என்ன பண்ணீங்கன்னு நெரப்புனவங்களுக்குச் சொல்லியே ஆகோணும். ஒத்தைப் பக்கம் போதும், நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க: நீங்க சொன்னது இது, நாங்க மாத்துனது இது, எங்களால முடியாதது இது, முடியாததுக்குக் காரணம் இது. முடியாததை எழுதாம விட்டா அடுத்த தாட்டி ஃபார்ம் வாங்கறப்பவே "எழுதி என்ன ஆகப் போகுது"ம்பாங்க. அதுல பிரின்சிபால் கையெழுத்து வாங்கி வெச்சுக்குங்க, பின்னாடி பட்ஜெட் மீட்டிங்குல ஆகும்.

நாங்க அந்தத் தாளை ஒட்டுன ரெண்டாவது நாளு அதுக்கு அடியில பென்சில்ல யாரோ எழுதியிருந்தாங்க, "லன்ச் டைம்ல கவுன்டர் தொறந்தீங்க செரி, அந்த அண்ணன் போன்ல பேசிட்டே இருக்காரு." அதை அழிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அடுத்த வருசக் கேள்வில பத்தொம்பதாவதா அதைச் சேத்தாச்சு.